பென்குவின் சிலேட்டு

இல்லை டொக்டர், நெஞ்சு நோ இல்லை. வாந்தியும் இல்லை. அவர் வாய் திறக்காமல் இருக்கிறது நோய் வருத்தத்தால இல்லை, கவலையால. பிறஷர் பாக்கப் போறியளோ? பாருங்கோ, பாருங்கோ. இஞ்சேருங்கோ, கையை நீட்டுங்கோ. மற்றக் கையில இருக்கிறதை மடியில வையுங்கோ, அதை ஒருத்தரும் பறிக்க மாட்டினம். நான் தலைகீழா நிண்டு கூப்பிட்டாலும் ஆஸ்பத்திரிப் பக்கம் வராத மனுசன் டொக்டர் இவர். இண்டைக்குத் தானே ஓடிப்போய் ஓட்டோ பிடிச்சுக்கொண்டு வந்தவர். வந்த இடத்தில எல்லாத்தையும் பாத்துவிடுங்கோ.

என்ன நடந்ததெண்டு சுருக்கமாச் சொல்லட்டோ? சுருக்கமாச் சொன்னா நீங்கள் எங்கள் எல்லாரையும் அங்கொடை விசர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிப் போடுவியள். முதல்லயிருந்து சொன்னாத்தான் விளங்கும். வெளியில வேற ஆக்களும் இல்லை, நான் பாத்திட்டுத்தான் உள்ளுக்க வந்தனான்.

இவர் யோகநாதன், என்ர மனுசன். இன்சூரன்ஸ் கொம்பனி ஒண்டில கணக்குப் பகுதியில இருந்து பென்சன் எடுத்தவர். அங்கால கதவோட நிண்டு மூக்கைச் சிந்திக்கொண்டிருக்கிறாரே வெள்ளைத் தொப்பி போட்டவர், அவர் ஸப்வான். கொட்டாஞ்சேனையில மூக்குக்கண்ணாடிக் கடை வைச்சிருக்கிறார். ரெண்டு பேரையும் இப்பிடிப் பிரிச்சு வைச்சிருக்கிறது நான்தான். ஒரு அறைக்குள்ள விட்டா உங்கட மேசையைப் பிரட்டிப் போடுவினம்.

அவற்ற மடியில இருக்கிறது போன் இல்லை டொக்டர். எல்லாரும் அப்பிடித்தான் நினைக்கிறவை. நான் அதுக்குச் சிலேட்டு எண்டு பேர் வைச்சனான். நீங்கள் அப்ப பள்ளிக்கூடம் போயிருப்பியள். ஐபோன் எண்ட பேரே வராத காலம். நோர்வேயில இருக்கிற என்ர தம்பியைக் கொண்டு எடுப்பிச்சவர். பெட்டியைப் பிரிச்சு மேசையில வைச்சார். இதில கோல் எடுக்கலாமோ எண்டு கேட்டன். ஏலாது எண்டார். படம் எடுக்கலாமோ? ஏலாது. அப்ப என்னத்துக்கு இது எண்டன். பொக்கற்றுக்குள்ள வைச்சுக்கொண்டு போய் இன்டர்நெட் பாக்கிறதுக்கு எண்டார். சரி, காட்டுங்கோ பாப்பம். அதுக்கு வைபை வேணும் எண்டார். எங்க இருக்கு அது? இஞ்ச இன்னும் வரேல்லையாம். எப்ப வரும்? வரும் எண்டார். கலியாணம் பேச முதல் மண்டபம் எடுத்த மாதிரி இருந்துது எனக்கு.

ஓம், உள்ளுக்க லினக்ஸ். உங்களுக்குத் தெரியுமோ? கேள்விப்பட்டனியள், நல்லம். அப்ப எனக்கு வேலை குறைவு. கொம்பியூட்டரை ஓட வைக்கிற சாமான், ஆரும் திறந்து பாக்கலாம், திருத்தலாம், மற்றவைக்குக் குடுக்கலாம், ஒருத்தருக்கும் சொந்தமில்லை எண்டு இவர் எனக்குச் சொல்லித் தந்தவர். அதின்ர அடையாளம் பென்குவின். களிமண்ணில ஒரு பென்குவின் வாங்கிக்கொண்டு வந்து சாமித்தட்டுக்குப் பக்கத்தில வைச்சார். பிளாட்டில பூசை செய்ய வந்த ஐயர் அதுக்கும் சந்தனம் பொட்டு வைச்சு, பூவும் போட்டிட்டுப் போனவர். ஒரு கேள்வி கேக்கேல்லை. இவருக்கு அண்டைக்குப் பிடிபடாத சந்தோசம்!

ஸப்வானைச் சந்திச்ச கதை கேளுங்கோ. ஏதோ கொம்பியூட்டர் கண்காட்சி எண்டு என்னையும் கூட்டிக்கொண்டு போனவர். அங்க வரிசையில எங்களுக்கு முன்னால ஸப்வான் நிண்டவர். ரெண்டு பேரும் ஒரே நேரத்தில பொக்கற்றுக்குள்ள கையை விட்டு ஒரே சாமானை எடுத்தவை. என்னைப் பொம்பிளை பாக்க வந்த அண்டைக்குக்கூட இவற்ற முகத்தில அப்பிடியொரு வெளிச்சத்தை நான் காணேல்லை டொக்டர். இலங்கையிலேயே எங்கள் ரெண்டு பேரிட்டத்தான் இது இருக்கு எண்டு ரெண்டு பேரும் முடிவுகட்டிச்சினம். அந்த வரிசையில நிண்டபடியே கழகம் தொடங்கியாச்சு. இவர் தலைவர், ஸப்வான் செயலாளர். உறுப்பினர் ஒருத்தரும் இல்லை. நான் பற்றிஸ் பொரிக்கிறது.

பிறகு வைபை தேடுற வேலை. ரெண்டு பேரும் பின்னேரத்தில கடற்கரை ரோட்டால சிலேட்டைத் தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சுக்கொண்டு நடப்பினம், மழைக்குக் காத்திருக்கிற ஆக்கள் மாதிரி. எந்தக் காலம் எண்டு நினைக்கிறியள்? சமாதானம் குழம்பிச் சண்டை திரும்பத் தொடங்கின காலம். மூலைக்கு மூலை ஆமிக்காவல், சென்றி. ஒருநாள் ஒரு ஹோட்டல் மதிலோட ரெண்டு பேரும் ஒட்டிக்கொண்டு நிண்டிருக்கினம், உள்ளுக்க வைபை இருக்கெண்டு. ஆமிக்காரன் ஒருத்தன் வந்து மொகக்த மே, என்ன இது எண்டிருக்கிறான். இன்டர்நெட் சாமான் எண்டு சொல்லியிருந்தா அதோட போயிருக்கும். இவர் நெஞ்சை நிமித்திக்கொண்டு லினக்ஸ் எண்டிருக்கிறார். லினக்ஸ் எண்டா ஆர், எங்க இருக்கிறவர் எண்டு அவன் கேட்டானாம். ஆளில்லை, அது ஒரு... எண்டு இழுத்திட்டு, சிங்களச் சொல் வராமல் ஸப்வானைத் திரும்பிப் பாத்துத் தமிழில கேட்டிருக்கிறார், ஸப்வான், இயக்கத்துக்குச் சிங்களத்தில என்ன எண்டு.

அந்தப் பெடியனுக்குத் தமிழில அந்த ஒரு சொல்தான் தெரியுமாம் டொக்டர், இயக்கம் எண்டாப் புலி.

சிரியுங்கோ, சிரியுங்கோ. இப்ப நானும் சிரிப்பன். அண்டைக்கு ஸீனத், அதுதான் ஸப்வான்ர மனுசி, அவவும் நானும் போனைப் பிடிச்சுக்கொண்டு அழுதது எங்களுக்குத்தான் தெரியும். ரெண்டு பேரையும் மண்மூட்டைக்குப் பக்கத்தில இருத்திப்போட்டு, சாமானைப் போட்டுக் காட்டு எண்டிருக்கிறாங்கள். இவர் அதுக்கு முதல்நாள்தான் ஏதோ மாத்தி வைச்சவர். போட்ட உடன கறுப்புத் திரையில வெள்ளை எழுத்து விறுவிறெண்டு ஓடியிருக்கு. நிண்டவங்கள் எல்லாரும் ஒரு பாய்ச்சலில மூட்டைக்கு அங்கால. ஓடி முடியப் பென்குவின் வந்து நிண்டுதாம். பெரியவன் வந்து பாத்திட்டு, குருவிப்படம் போட்ட இயக்கம் ஒண்டும் எனக்குத் தெரியாதே எண்டு தலையைச் சொறிஞ்சானாம்.

ஸப்வானுக்குச் சிங்களம் தண்ணி பட்ட பாடு. மஹத்தயா, இதில செஸ் விளையாடலாம் எண்டு எடுத்துக் குடுத்திருக்கிறார். பெரியவன் விளையாடித் தோத்திட்டான். திரும்பத் தோத்திட்டான். வெல்லாமல் விடமாட்டன் எண்டு குந்திட்டான். கடைசியில ஸப்வான் தண்ணி குடுக்கிற சாட்டில சிலேட்டை வாங்கி, குழந்தைப்பிள்ளையள் விளையாடுற அளவுக்கு அதை மொக்காக்கிப்போட்டுக் குடுத்திருக்கிறார். பெரியவன் வெண்டவுடன ரெண்டு பேரையும் தோளில தட்டி விட்டிட்டான். சிலேட்டைத் தந்தவன், அதில எழுதுற பேனையை மட்டும் தரேல்லை. நல்லாயிருக்கு எண்டு காதில செருகிக்கொண்டு போயிட்டானாம். அதுக்குப் பிறகு என்ர கொண்டை ஊசியளுக்கெல்லாம் இவர்தான் சொந்தக்காரர்.

பிறஷர் என்ன சொல்லுது? திரும்பப் பாக்கப் போறியளோ. பாருங்கோ. இல்லையப்பா, நீங்கள் குறுக்க கதைக்க வேண்டாம். டொக்டர் என்னட்டத்தான் கேக்கிறா.

சிலேட்டில தமிழ் வரும் டொக்டர், ஆனா உடைஞ்சு வரும். கொம்பு ஒரு பக்கம் நிக்கும், எழுத்து ஒரு பக்கம் நிக்கும், நடுவில ஒரு புள்ளி வட்டம். இவற்ற பேரை அடிச்சா ஆரோ பல்லை உடைச்சுவிட்ட மாதிரி வரும். இதைத் திருத்தாமல் விடுறேல்லை எண்டு ரெண்டு பேரும் எங்கட சாப்பாட்டு மேசையில குந்திச்சினம். ஒரு வருசத்துக்குக் கிட்ட அந்த மேசையில நாங்கள் சாப்பிடேல்லை. தட்டை மடியில வைச்சுத்தான் சாப்பாடு. திருத்தித் திருத்திக் குசினிக்குள்ள கொண்டுவந்து என்ர மூஞ்சிக்கு முன்னால நீட்டுவினம், இது சரியோ, இது சரியோ எண்டு. வெங்காயம் வெட்டிக்கொண்டு ஒவ்வொரு எழுத்தா நான்தான் வாசிச்சுச் சொன்னனான், எது கால் இல்லாமல் நிக்குது, எது தலையில குத்தை விட்டிட்டு வந்திருக்குது எண்டு. சரி எண்டு சொன்ன உடன சிலேட்டைப் பாத்தபடியே திரும்பிப் போயிடுவினம். ஒருநாள் கொழும்பு எண்டு அடிக்கக் கொழும்பு எண்டே வந்துது. ரெண்டு பேரும் கட்டிப்பிடிச்சு அழுதவை. கறி அடிப்பிடிச்சுப் போச்சு. அண்டைக்கு அதையெல்லாம் ஒரு கார்ட்டில ஏத்தி வைச்சவை. சின்னி விரல் நகமளவு கார்ட். உள்ளுக்க செய்தவையின்ர பேரும் போட்டிருக்கு எண்டு சொன்னவை. நான் பாக்கேல்லை.

அதுக்குப் பிறகு அடுத்த மொடல். பக்கத்தால இழுத்தா எழுத்துக்கட்டை வெளியில வரும், வழியும் காட்டும். வழி காட்ட அது யோசிக்கிற நேரத்தில நாங்கள் நடந்தே போய்ச் சேந்திடுவம். வத்தளையில ஒரு கலியாண வீட்டுக்குப் போகேக்க நாங்கள் கடலுக்க நிக்கிறம் எண்டு காட்டினது. இவர் ஓட்டோவை நிப்பாட்டச் சொல்லி இறங்கி, இஞ்ச கடல் இருக்கோ எண்டு நாலு பக்கமும் பாத்தவர். சிலேட்டில பிழை இருக்கும் எண்டு யோசிக்கேல்லை, வத்தளையில பிழை இருக்கும் எண்டு யோசிச்ச மனுசன்.

கடைசியா வந்ததில கோல் எடுக்கலாம். சவுக்காரக் கட்டி போல தடிப்பு, சேட்டுப் பொக்கற்றைக் கீழ இழுத்துக்கொண்டு நிக்கும். இனி உலகம் எங்கட பக்கம் எண்டு துள்ளினவை. கனகாலம் போகேல்லை, இனி இந்த வழியில போகமாட்டம் எண்டு சிலேட்டுச் செய்த கொம்பனி அறிவிச்சிட்டுது. அண்டைக்கு இவர் சாப்பிடேல்லை. ஸப்வான் வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு வந்து, செருப்பை வெளியில கழட்டிப்போட்டு, இவருக்குப் பக்கத்தில வந்து குந்தினவர். ரெண்டு பேரும் இருந்த இருப்பைப் பாத்திட்டு கீழ் வீட்டுச் சனம் எங்கட சொந்தத்தில ஆரோ செத்திட்டினம் எண்டு பால் விடாத பிளேன்ரீ போட்டுக்கொண்டு வந்தவை. நான் என்னெண்டு சொல்லுறது? ஓம், ஓம் எண்டு வாங்கி வைச்சனான்.

அதுக்குப் பிறகு ஒவ்வொருத்தன்ர கையிலயும் போன். ஓட்டோக்காரன், மீன்காரன், ஐயர், எல்லாரிட்டயும். இதில என்ன பிரச்சினை எண்டு கேக்கிறியள். அந்தப் போன்களில முக்கால்வாசிக்குள்ள அடியில ஓடுறது லினக்ஸ்தானாம். அதைச் சொல்லி ஸப்வான் ஒருநாள் மேசையில அடிச்சார், யோகா, நாங்க வெண்டுட்டோம், உலகம் முழுக்க எங்கட சாமான்தான் ஓடுது எண்டு. இவர் எழும்பி நிண்டு, என்னத்தை வெண்டது, பூட்டுப் போட்டுத் திறப்பை ஆரோ வைச்சிருக்கிறான், உன்ர போனில உனக்கு என்ன உரிமை, நாங்கள் தோத்துப்போனம் எண்டார். வெண்டது, தோத்தது, வெண்டது, தோத்தது. அண்டைக்குக் கழகம் ரெண்டாப் பிரிஞ்சுது. சிரிக்காதேங்கோ, உண்மையாத்தான். ரெண்டு பேர் இருந்த கழகம், ரெண்டு கழகம். ரெண்டு பேரும் தலைவர்.

ஆனா கூட்டம் அதே நாள், அதே மேசை. முதல் இவற்ற கழகத்துக் கூட்டம். அதில ஸப்வான் பார்வையாளரா இருப்பார், வாய் திறக்கக் கூடாது. அது முடியக் கதிரை மாறி இருப்பினம், இப்ப ஸப்வான்ர கூட்டம், இவர் பார்வையாளர். ரெண்டு கூட்டத்துக்கும் தனித்தனியா பற்றிஸ். ஒருக்கா நான் ஒரே தட்டில கொண்டுபோய் வைச்சிட்டன் எண்டு ரெண்டு பேரும் சேந்து எனக்குக் கண்டனம் தெரிவிச்சவை. ஒற்றுமையா அவை செய்த ஒரே காரியம் அது. ஸீனத் போன் எடுத்தா முதல் கேள்வி, அக்கா, எங்க ஆக்கள் இண்டைக்கி வெண்டாங்களா தோத்தாங்களா எண்டுதான்.

இப்பிடியே போயிருக்கும் டொக்டர். போன மாசம் ஒரு ஈமெயில் வந்துது. ஐரோப்பாவில எங்கயோ ஒரு சின்ன மியூசியம். இந்த மாதிரிப் பழைய பொக்கற் சாமான்களைச் சேத்து வைக்கினமாம். தமிழ் ஓடின சிலேட்டையும் அந்தக் கார்ட்டையும் தந்தா கண்ணாடிப் பெட்டிக்குள்ள வைப்பம், செய்தவையின்ர பேரை அறியத் தாருங்கோ எண்டு எழுதியிருந்தினம். ரெண்டு கழகமும் அவசரக் கூட்டம். ஆற்ற பேர் முதல் எண்டதுதான் கேள்வி. எழுத்து வரிசைப்படி போடுவம் எண்டு இவர் சொன்னார். ஸப்வானும் அதுதான் நீதி எண்டார். பெரிய அதிசயமா இருந்துது எனக்கு. பாத்தா, இவர் தமிழ் வரிசையை நினைச்சிருக்கிறார், அதில யோகநாதன் முதல். ஸப்வான் இங்கிலீஸ் வரிசையை நினைச்சிருக்கிறார், அதில ஸப்வான் முதல். ஒரு மாசம் டொக்டர், ஒரு மாசம் அகரவரிசைச் சண்டை. நாணயம் சுண்டுவம் எண்டாலும் ஆற்ற நாணயம் எண்டு சண்டை.

இண்டைக்குக் காலமைதான் ஒரு முடிவுக்கு வந்தவை. ரெண்டு பேற்ற பழைய சிலேட்டையும் மேசையில பக்கத்தில பக்கத்தில வைக்கிறது. ஒரே நேரத்தில போடுறது. எது முதல் எழும்புதோ அவற்ற பேர் முதல். ரெண்டு சிலேட்டின்ர பற்றரியும் ஊதிப்போய்க் கிடக்கு, மூடி மூடாது, றப்பர் பான்ட் போட்டுக் கட்டியிருக்கினம். எப்ப போடுறது எண்டதுக்கு என்ன அடையாளம் தெரியுமோ? குக்கர் விசில். நான் அடுப்பில பருப்பு வைச்சிருந்தனான். அது விசில் அடிக்கப் போடுறதாம். எனக்கு ஒண்டு, ரெண்டு, மூண்டு சொல்லத் தெரியாதோ டொக்டர்? பக்கத்தில தான் நிண்டனான். குக்கரைத்தான் ரெண்டு பேரும் நம்பினவை.

விசில் அடிச்சுது. போட்டினம். ரெண்டிலயும் ஒரு கோடு ஊர்ந்து ஊர்ந்து பாதிவழிக்கு வந்துது. ரெண்டும் அதில நிண்டிட்டுது. மூச்சு விடாமல் பாத்துக்கொண்டிருந்தவை. நான் பிளேன்ரீயும் ஊத்திக்கொண்டு வந்தன், கோடு அசையேல்லை. பிறகு ஸப்வான், கார்ட்டை இங்க தா, நானே பேரை மாத்திக்கிறேன் எண்டு கையை நீட்டினார். இவர் அவற்ற மணிக்கட்டைப் பிடிச்சார். அவர் இவற்ற சேட்டைப் பிடிச்சார். அறுபது வயசுக்காரர் ரெண்டு பேர், கதிரை விழுகுது, றப்பர் பான்ட் அறுந்து பற்றரி உருளுது. கார்ட் வழுக்கிக்கொண்டு வந்து என்ர பிளேன்ரீக் கோப்பையோட முட்டி நிண்டுது. நான் எடுத்தன்.

பிறஷர் நூற்றி எழுபதோ? ஐயோ. நான் நினைச்சனான். அப்ப அவருக்கும் ஏதும் குளிசை எழுதித் தாங்கோ.

என்ன, அவருக்கும் எண்டா? ஓம் டொக்டர், அவர் எனக்குத் துணையா வந்தவர். உங்கட நோயாளித் துண்டில கே. யோகநாதன் எண்டு கிடக்கிறது நான். கனகேஸ்வரி. கார்ட் எனக்குள்ள தான் இருக்கு.

இல்லை, நோகேல்லை. மூச்சு நல்லா வருது, வராட்டி இவ்வளவு கதைப்பனோ. பிளேன்ரீயில ஒரு மிடறு குடிச்சனான், லேசா இறங்கிட்டுது. தவறிப் போனதோ எண்டு கேக்கிறியளோ? வாயில வைச்சது பகிடிக்குத்தான். ரெண்டு பேரும் பிடியை விடட்டும் எண்டு. வாயை மூடினன். உடன ரெண்டு பேரும் கையை விட்டிட்டு, சிலேட்டை விட்டிட்டு, ஒரே நேரத்தில என்ர முகத்தைப் பாத்தவை. கண் வெட்டாமல் பாத்தவை. இவ்வளவு வருசத்தில அப்பிடி ஒரு நாளும் பாக்கேல்லை டொக்டர். நான் கொஞ்ச நேரம் அப்பிடியே நிண்டன். வாயைத் திறந்து குடுத்தா ரெண்டு பேரும் திரும்பிப் போயிடுவினம் எண்டு எனக்குத் தெரியும். விழுங்கிட்டன்.

அதுக்குப் பிறகு பாக்கவேணும். ஸப்வான் லிப்டு வரைக்கும் பின்னால பின்னால நடந்து வந்து, அக்கா மெதுவா, அக்கா அங்க படி இரிக்கி எண்டு. இவர் ஓட்டோக்காரனிட்டக் குழியில விடாத, பாத்து ஓட்டு எண்டு சிங்களத்தில கெஞ்சிக்கொண்டு வந்தவர். என்ர மகள் தனுஷியா வயித்தில இருக்கேக்ககூட என்னை இப்பிடி ஒருத்தரும் கூட்டிக்கொண்டு போகேல்லை.

எக்ஸ்ரேயோ? ஓம், எடுப்பம். எந்தப் பக்கம்? நான் நடந்தே போவன், கதிரை வேண்டாம். அல்லாட்டி கொண்டுவரச் சொல்லுங்கோ, ரெண்டு பேரும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடிச்சுத் தள்ளட்டும். ரெண்டு மூண்டு நாளில அது தானா வெளியில வந்திடும் எண்டுறியள், என்ன? ஆபத்தில்லை தானே? சரி. அப்ப எனக்கு ஒரு உதவி செய்யுங்கோ டொக்டர். கெதியா வெளியில எடுக்கிற மருந்து ஒண்டும் எழுதாதேங்கோ. அது ஆறுதலா, மெல்ல மெல்ல வரட்டும்.